வறுமையா சாப்ளினை வளர்த்தது?

(ஆலைத் தொழிலாளர் படிப்பகத்தில் ஒரு ஞாயிறு மாலை ஆற்றிய உரை)



இன்று சார்லி சாப்ளினைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். பஞ்சப்படி, போனஸ், கூலிப் பாக்கி என்று பேச வேண்டிய விஷயம் எவ்வளவோ இருக்க, தொழிலாளர் கூட்டத்தில் ஒரு சிரிப்பு நடிகரைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். காரணத்தை முதலிலேயே சொல்லி விடுகிறோம்.

போன மாதம் நமது தோழர் ஒருவர் நைட் ஷிப்டு முடித்த கையோடு நம்மைத் தேடி வந்தார். "பையன் ஏழாவது படிக்கிறான் தோழர். படிப்பு ஏறவில்லை. தெரிந்த பட்டறையில் எங்காவது சேர்த்து விடுங்கள். சின்ன வயதில் அடிபட்டால்தான் பின்னால் உருப்படுவான். பெரிய மனிதர்கள் எல்லாம் அப்படித்தானே வந்தார்கள்? சார்லி சாப்ளின் சின்ன வயதில் அனாதை விடுதியில் கிடந்தவர்தானே?" என்று கேட்டார்.

அந்தத் தோழர் கெட்டவர் அல்ல. வீட்டில் நான்கு வயிறு. கடன் தொல்லை. அந்த நெருக்கடியில் மனதுக்கு ஓர் ஆறுதலைத் தேடினார். அவருக்குக் கிடைத்த ஆறுதல் இந்தக் கதை. இந்தக் கதையைப் பரப்புகிறவர்கள் யார்? பட்டினி என்றால் என்னவென்று தெரியாதவர்கள். மேடையில் ஏறி, "வறுமையே சிறந்த ஆசான், துன்பமே மேதைகளைப் படைக்கிறது" என்று அவர்கள் பேசுவார்கள். தங்கள் பிள்ளையை மட்டும் அந்த ஆசானிடம் ஒரு நாள்கூட அனுப்ப மாட்டார்கள்!

ஆகவே சாப்ளின் கதையை அவர் வாழ்ந்தபடியே இங்கே சொல்லுவோம். அவரை வளர்த்தது வறுமைதானா என்பதைக் கேட்டுவிட்டு நீங்களே தீர்மானியுங்கள்.

ரவிக்கை தைத்த தாய்

1889ஆம் வருஷம் ஏப்ரல் 16ஆம் தேதி சாப்ளின் லண்டன் நகரத்தில் பிறந்தார். தகப்பனும் தாயும் கொட்டகைகளில் பாடுகிறவர்கள். தகப்பன் குடியில் விழுந்தான். பிள்ளைகள் சிறுவர்களாக இருக்கும்போதே குடும்பத்தை விட்டுப் போனான். தாய் ஹன்னா பாடிப் பிழைத்தாள். அவளுக்குக் குரல் கெட்டது. 1894ல், ஆல்டர்ஷாட் என்ற ஊரில், சிப்பாய்கள் நிறைந்த கொட்டகையில் பாடிக் கொண்டிருக்கும்போதே குரல் உடைந்தது. ஜனங்கள் கூச்சல் போட்டார்கள். பக்கத்தில் நின்ற ஐந்து வயதுப் பையனை மேடைக்குத் தள்ளி விட்டார்கள். பையன் பாடினான். காசு மேடையில் வந்து விழுந்தது. பாட்டை நிறுத்தி விட்டு, "காசைப் பொறுக்கிக்கொண்டு பிறகு பாடுகிறேன்" என்றான். கொட்டகையே சிரித்தது. மகன் மேடை ஏறிய அந்த நாளே தாய் மேடையை விட்டு இறங்கிய நாள்.

அப்புறம் தாய் தையலுக்கு வந்தாள். வாடகைக்கு எடுத்த மிஷினில் ரவிக்கை தைத்தாள். ஒரு டஜன் ரவிக்கைக்குக் கூலி ஒன்றரை ஷில்லிங். இரவு பகல் என்று பாராமல் தைத்தும் ஒரு வாரத்தில் 54 ரவிக்கைக்கு மேல் முடியவில்லை. அதற்குக் கிடைத்தது 6 ஷில்லிங் 9 பென்ஸ். பீஸ் ரேட்டில் வேலை செய்யும் நமது சகோதரிகளுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை. தவணை கட்ட முடியாமல் போனதும் அந்த மிஷினையும் தூக்கிக்கொண்டு போனார்கள்.

சாப்ளினுக்கு சிட்னி என்று நான்கு வயது மூத்த அண்ணன். தந்தி கொண்டு போகும் வேலை பார்த்தான். வாரம் முழுவதும் தந்தி ஆபீஸ் உடுப்பு. ஆகையால் அவனுடைய ஒரே நல்ல உடுப்பைத் தாய் திங்கட்கிழமை அடகுக் கடையில் வைப்பாள், சனிக்கிழமை மீட்பாள். துணி நைந்து போய், "இதற்கு இனிக் காசு தர முடியாது" என்று அடகுக் கடைக்காரன் சொல்லும் வரை இது நடந்தது.

இதற்கெல்லாம் முன்பே, 1896ல், வேறு வழி இல்லாமல் தாயும் இரண்டு பிள்ளைகளும் லாம்பெத் 'வொர்க் ஹவுஸ்' வாசலுக்குப் போய் நின்றார்கள். கதியற்ற ஏழைகளை உள்ளே வாங்கி, வேலை வாங்கிக்கொண்டு, கஞ்சி ஊற்றும் விடுதி அது. உள்ளே போனதும் தாயை ஒரு பக்கம் கொண்டு போனார்கள். பிள்ளைகளை ஒரு பக்கம் கொண்டு போனார்கள். ஏழையாய்ப் போனால் தாய் பிள்ளை என்ற உறவும் கிடையாது என்பது அந்தச் சட்டம். பிறகு பிள்ளைகளை லண்டனுக்குப் பன்னிரண்டு மைலுக்கு அப்பால் ஹான்வெல் என்ற இடத்தில் இருந்த ஆதரவற்றோர் பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கே வெள்ளிக்கிழமை என்றால் தண்டனை நாள். ஏழு வயதுச் சாப்ளின் தான் செய்யாத குற்றத்தை, பயத்தில், செய்ததாக ஒப்புக்கொண்டு பிரம்படி வாங்கினான். தலையில் படை வந்தது என்று மொட்டையடித்து, அயோடின் தடவித் தனியே அடைத்தார்கள்.

தாயைப் பிரிந்த ஏக்கம் ஒரு தரம் எல்லை மீறிப் போயிற்று. மூவரும் விடுதியிலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுத்து ஒரு நாள் வெளியே வந்தார்கள். பூங்காவில் உட்கார்ந்து பழம் தின்றார்கள். காகிதத்தைச் சுருட்டிப் பந்து ஆடினார்கள். மாலையானதும் தாங்களே திரும்பிப் போய் வாசலில் நின்றார்கள். ஒரு தாய் தன் பிள்ளைகளோடு ஒரே ஒரு பகல் சேர்ந்திருக்க இப்படித் தந்திரம் செய்ய வேண்டியிருந்தது!

ஒரு கோப்பைத் தேநீர்

தோழர்களே! வறுமை மேதையை உண்டாக்கும் என்றால், அந்த வீட்டில் முதலில் மேதையாகியிருக்க வேண்டியவர் யார்? தாய் ஹன்னா அல்லவா? அவளும் கலைஞர்தான். துன்பமோ மகனைவிட அவளுக்கே அதிகம். அவளை அந்தத் துன்பம் என்ன செய்தது?

1903ஆம் வருஷம். சாப்ளினுக்கு வயது பதினான்கு. அண்ணன் கப்பலில் வேலைக்குப் போயிருந்தான். ஒரு நாள் பையன் வீடு திரும்பும்போது தெருக் குழந்தைகள் வாசலில் நின்று, "உன் அம்மாவுக்குப் புத்தி பேதலித்து விட்டது" என்றார்கள். அந்தத் தாய் வீடு வீடாகக் கதவைத் தட்டி, பிறந்த நாள் பரிசு என்று சொல்லிக் குழந்தைகளுக்குக் கரித்துண்டு கொடுத்துக் கொண்டிருந்தாளாம். டாக்டர் வந்து பார்த்தார். மனம் கெட்டிருக்கிறது என்று எழுதியவர், போதிய ஆகாரம் இல்லை என்பதையும் சேர்த்து எழுதினார். தாயை ஒரு மைல் தூரம் தாங்கிப் பிடித்து நடத்திப் போய் ஆஸ்பத்திரியில் ஒப்படைத்தவன் அந்தப் பதினான்கு வயதுப் பையன்.

பின்னால் பிள்ளைகள் அவளைப் பார்க்கப் போனபோது அவள் ஒரு வார்த்தை சொன்னதாகச் சாப்ளின் எழுதியிருக்கிறார். அன்று பிற்பகலில் எனக்கு ஒரு கோப்பைத் தேநீர் மட்டும் கொடுத்திருந்தால் எனக்கு ஒன்றும் வந்திருக்காது என்பதே அதன் பொருள்.

ஒரு கோப்பைத் தேநீர், தோழர்களே! அது இல்லாமல் ஓர் அறிவுள்ள பெண்ணின் வாழ்க்கை பல வருஷம் மனநோய் ஆஸ்பத்திரிக்குள் போயிற்று. தகப்பனோ 1901லேயே, முப்பத்தெட்டு வயதில், குடியால் செத்தான். ஹான்வெல் பள்ளியில் சாப்ளினோடு மொட்டைத் தலையோடு நின்ற மற்றப் பிள்ளைகள் எங்கே? அவர்கள் பெயரை உலகம் அறியாது. அதே கஞ்சிதான், அதே பிரம்புதான். துன்பம் ஆசான் என்றால் அந்த வகுப்பில் தேறியது ஒரே ஒரு பிள்ளை! இப்படி ஒரு வாத்தியாரை நமது ஊர் ஆரம்பப் பள்ளியில் வைத்துக்கொள்ளச் சம்மதிப்போமா?

கை கொடுத்தவர்கள்

அப்படியானால் சாப்ளினை வளர்த்தது எது? மூன்றைச் சொல்லலாம்.

முதலாவது, அந்தத் தாய். மனம் நன்றாக இருந்த நாட்களில் அவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, தெருவில் போகிறவர்களைப் பார்த்து, அவர்கள் நடையையும் முகத்தையும் பிள்ளைக்கு நடித்துக் காட்டுவாள். 'இவன் காலையில் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வருகிறான், நடையைப் பார்' என்பது போலச் சொல்லிக் கொடுப்பாள். கையால் முகத்தால் பேசும் வித்தையை மட்டுமின்றி, மனிதரை உற்றுப் பார்க்கும் கண்ணையும் தந்தவள் தாய்தான் என்று சாப்ளின் பிற்காலத்தில் எழுதினார். அந்தப் பாடசாலைக்கு ஒரு ஜன்னல் போதுமாயிருந்தது. ஆனால் பக்கத்தில் தாய் இருக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது, தொழிற்பயிற்சி. ஒன்பது பத்து வயதில் 'எட்டு லங்காஷயர் பையன்கள்' என்ற நடனக் குழுவில் சேர்ந்தான். மரக்கட்டைச் செருப்பு மாட்டிக்கொண்டு தாளம் தப்பாமல் ஆடும் வித்தையை அங்கே வாரக்கணக்கில் பழகினான். அவருடைய படத்தில் விழுவதும் எழுவதும் உதைப்பதும் ஒரு நூலிழை பிசகாமல் இருக்கிறதே, அது பட்டினியால் வந்தது அல்ல. நமது கார்டிங் பிட்டருக்கும் ஜாபருக்கும் கை எப்படிப் பழகியதோ அப்படிப் பழகியது.

மூன்றாவது, அண்ணன். தாயை ஆஸ்பத்திரியில் விட்ட அதே 1903ல், நாடகக் கம்பெனியில் பையன் வேஷம் கிடைத்தது. வாரம் இரண்டரை பவுன். பையனுக்குச் சந்தோஷத்தை விடப் பயம் அதிகம். 'இங்கேயே படித்துக் காட்டு' என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? அவனுக்குச் சரியாகப் படிக்கத் தெரியாது! நல்லவேளையாகக் கேட்கவில்லை. வீட்டுக்குக் கொண்டு வந்தான். கப்பலிலிருந்து திரும்பியிருந்த அண்ணன் வரி வரியாகப் படித்துச் சொன்னான். தம்பி மூன்றே நாளில் மனப்பாடம் செய்தான். அண்ணன் உட்கார்ந்து படித்துக் காட்டியிராவிட்டால் அந்த வாசல் அன்றே மூடியிருக்கும்.

இந்த மூன்றோடு, நடுவில் அவன் பார்த்த வேலைகளையும் சேர்த்துப் பாருங்கள். பத்திரிகை விற்றான். டாக்டர் வீட்டில் எடுபிடியாக நின்றான். பொம்மை செய்தான். கண்ணாடித் தொழிற்சாலையில் ஒரே நாள் இருந்தான். அனலில் மயங்கி விழ, தூக்கி வந்து மணல் குவியலில் போட்டார்கள். அன்றைய கூலியை வாங்கக்கூடத் திரும்பிப் போகவில்லை. அச்சாபீசில் பிரம்மாண்டமான மிஷின் ஒன்றுக்குத் தாள் கொடுக்கும் வேலை. மிஷினின் உயரத்துக்குப் பையன் எட்டவில்லை. மேடை மேல் ஏறி நிற்க வேண்டும். பசித்த மிருகம் போல் அது தன்னை விழுங்கி விடும் என்று நடுங்கினான். இந்த வேலைகள் எதிலாவது அவன் மேதையானானா? இல்லை. அவற்றிலிருந்து தப்பியதால் பிழைத்தான்.

துன்பம் தந்தது என்ன?

அப்படியானால் துன்பம் அவருக்கு ஒன்றுமே தரவில்லையா என்று கேட்பீர்கள். தந்தது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

1910ல் அமெரிக்கா போனார். 1914ல் சினிமாவில் நுழைந்தார். தொளதொளத்த கால்சட்டை, இறுக்கமான கோட்டு, பெரிய பூட்ஸ், சின்ன மீசை, பிரம்பு. அந்த நாடோடியை உலகம் முழுவதும் ஏழைகள் தங்கள் சொந்தக்காரனாக ஏற்றுக்கொண்டார்கள். இரண்டே வருஷத்தில், 1916ல், வாரச் சம்பளம் 10,000 டாலர். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு.

அந்தப் படங்களுக்குள் இருந்த சரக்கு எங்கிருந்து வந்தது? சிறு வயதில் அவர் வீட்டுத் தெருக்கோடியில் ஆட்டுத்தொட்டி இருந்தது. ஒரு நாள் ஓர் ஆடு தப்பித்து ஓடியது. பிடிக்க ஓடியவர்கள் தடுக்கி விழுந்தார்கள். பார்த்தவர்கள் சிரித்தார்கள். பையனும் கைகொட்டிச் சிரித்தான். ஆட்டைப் பிடித்துத் திருப்பிக் கொண்டு போனபோது திடீரென்று விஷயம் உறைத்தது. அதைக் கொல்லப் போகிறார்களே என்று அழுதுகொண்டு தாயிடம் ஓடினான். சிரிப்பும் அழுகையும் ஒன்றாய்க் கலந்த தமது படங்களுக்கு அந்தச் சம்பவம்தான் வித்தாக இருந்ததோ என்று அவரே பிற்காலத்தில் நினைத்துப் பார்த்தார்.

1921ல் வந்தது 'தி கிட்' என்ற படம். அனாதைக் குழந்தையை அதிகாரிகள் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். குழந்தை கையை நீட்டிக் கதறுகிறது. அந்த ஏழை கூரை மேல் ஏறி ஓடி, வண்டியில் குதித்துக் குழந்தையை மீட்கிறான். லாம்பெத் விடுதியில் யாரும் ஓடி வந்து மீட்காத அந்த ஏழு வயதுப் பிள்ளையைச் சாப்ளின் தாமே போய் மீட்டார் என்று நமக்குத் தோன்றுகிறது. படம் வந்த அதே 1921ல்தான் தாயையும் அமெரிக்காவுக்கு அழைத்துக்கொண்டார். 1928ல் சாகும் வரை அவளுக்குக் குறைவில்லை.

1936ல் வந்தது 'மாடர்ன் டைம்ஸ்'. ஓடும் பெல்ட்டுக்கு முன்னால் நின்று நட்டு முடுக்கி முடுக்கி, வெளியே வந்த பிறகும் கை தானாக ஆடும் தொழிலாளி. சாப்பாட்டு நேரத்தை மிச்சம் பிடிக்க முதலாளிக்குக் காட்டப்படும் சோறூட்டும் மிஷின். மனிதனை விழுங்கிப் பல்சக்கரத்துக்குள் சுற்றி வெளியே தள்ளும் இயந்திரம். கிராமத்திலிருந்து டெட்ராய்ட் தொழிற்சாலைகளுக்கு வந்த வாலிபர்கள் நாலைந்து வருஷத்தில் நரம்பு கெட்டுப் போவதை ஒரு பத்திரிகைக்காரர் சொல்லக் கேட்டதில் பிறந்த படம் அது. கேட்டது ஒரு நிமிஷம். ஆனால் அச்சாபீஸ் மிஷின் முன்னால் நடுங்கி நின்ற பையனுக்கு அது உள்ளே தைத்திருக்கும்.

ஆக, துன்பம் தந்தது கச்சாப் பொருள். நமக்குப் புரிகிற பாஷையில் சொன்னால், துன்பம் பஞ்சு. பஞ்சு தானாக நூலாகாது. சுத்தம் செய்ய வேண்டும், கார்டிங் வேண்டும், ஸ்பின்னிங் வேண்டும், பின்னால் நின்று இழை ஒட்ட ஒரு கை வேண்டும். இவை இல்லாமல் மழையில் கிடந்த பஞ்சு மூட்டை அழுகித்தான் போகும். ஹன்னா அப்படித்தான் போனாள்.

இது நமது சொந்த வியாக்கியானம் அல்ல. சேரி வாழ்க்கையின் சுகத்தை நினைத்துச் சாப்ளின் ஏங்குகிறார் என்று ஓர் எழுத்தாளர் எழுதியபோது, அவருக்குக் கோபம் வந்தது. 1964ல் வெளியான சுயசரிதையில் பதில் சொன்னார்: வறுமையில் கவர்ச்சியும் இல்லை, அது நமக்கு நல்லது எதையும் கற்பிக்கவும் இல்லை; எதை மதிப்பது என்ற கணக்கைத்தான் கோணலாக்கியது, பணக்காரர்களைப் பெரியவர்களாக நினைக்க வைத்தது. இதுதான் அந்தப் பதிலின் சாரம். வறுமையைப் புகழ்கிறவர்களுக்கு வறுமையில் பிறந்தவரே கொடுத்த பதில் இது.

அவர் எந்தக் கட்சியிலும் சேர்ந்தவர் அல்ல. தாம் கம்யூனிஸ்ட் அல்ல என்று பல தடவை சொன்னவர். ஆனாலும் ஏழை பக்கம் நின்று சிரித்ததை அமெரிக்க சர்க்கார் மன்னிக்கவில்லை. 1952ல் அவர் கப்பலில் போய்க்கொண்டிருக்கும்போதே திரும்பி வரும் அனுமதியை ரத்து செய்தார்கள். இருபது வருஷம் கழித்து, 1972ல், அவர்களே அழைத்துப் பரிசு கொடுத்துக் கைதட்டினார்கள். 1977 டிசம்பர் 25ல் அவர் மறைந்தார். அவரும் தாயும் போய் நின்ற லாம்பெத் விடுதிக் கட்டடத்தின் ஒரு பகுதி பிற்காலத்தில் சினிமா மியூசியமாக ஆயிற்று.

நமது வீட்டுக் கதை

இப்போது நமது சங்கதிக்கு வருவோம். நாம் பத்தாவது தேறியவர்கள். 'கஷ்டப்பட்டு முன்னுக்கு வந்தவர்' என்று நம்மைச் சில தோழர்கள் பாராட்டுவது உண்டு. அந்தப் பாராட்டைக் கேட்கும்போது நமக்குக் கூச்சமாக இருக்கும்.

தகப்பனாருக்கு வேலை போன வருஷம், வீட்டில் இரண்டு பிள்ளைகளில் ஒன்றுதான் படிக்கலாம் என்று ஆயிற்று. அக்காவுக்கு ஐந்தாவதோடு படிப்பு நின்றது. களையெடுக்கப் போனாள். அந்தக் கூலியில் நமக்கு நோட்டு வந்தது. நமக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்ததே அவள்தான். இன்றும் தவணைக் கடன் வசூலிக்க வருகிறவர் கால்குலேட்டரைத் தட்டி முடிக்கும் முன் அவள் வட்டியை வாயால் சொல்லி விடுவாள். அவள் பட்டது நம்மைவிட அதிகத் துன்பம். துன்பம் உயர்த்தும் என்றால் இந்த மேடையில் அவள் அல்லவா நிற்க வேண்டும்? நம்மை உயர்த்தியது துன்பம் அல்ல, தோழர்களே. அக்காவின் கை. அந்தக் கையை உயர்த்த யாரும் இல்லை.

இன்று நாம் ஹன்னாவைப் போல் கதியற்றவர்கள் அல்ல. 1956ல் பள்ளிகளில் மதிய உணவு வந்தது. 1982ல் சத்துணவு வந்தது. 2022ல் ஆரம்பப் பள்ளிகளில் காலை உணவும் வந்தது. இவைதான் அந்த ஒரு கோப்பைத் தேநீர்! பதினான்கு வயதுக்குள் பிள்ளையை வேலைக்கு வைக்கக் கூடாது என்று சட்டமும் இருக்கிறது. ஆனால் 2016ல் அந்தச் சட்டத்தைத் திருத்தியபோது, பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு சந்து விட்டு வைத்தார்கள். அந்தச் சந்தில் எத்தனை பிள்ளைகள் நுழைக்கப்படுகிறார்கள் என்பது தறிக்குழியிலும் பீடித் தட்டிலும் இருக்கிறவர்களுக்குத் தெரியும். கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் தருகிறோம் என்று ஆசை காட்டி, பெண்பிள்ளைகளை நூற்பாலை விடுதிக்கு அழைத்துப் போக வந்த தரகர்களையும் நமது கிராமங்கள் பார்த்திருக்கின்றன.

ஆகவே வேண்டுகோள் இரண்டே. ஒன்று: உங்கள் லைனிலும் உங்கள் தெருவிலும் இந்த வருஷம் பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகள் யார் யார் என்று கணக்கெடுத்து அடுத்த ஞாயிறு கொண்டு வாருங்கள். பெண்பிள்ளைகளை முதலில் எழுதுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் போவோம். கடன்தான் காரணம் என்றால் கடனைப் பற்றிப் பேசுவோம். ஆசிரியர் அடிதான் காரணம் என்றால் பள்ளிக்கூடத்தில் போய்க் கேட்போம். இரண்டு: இந்தப் படிப்பகம் நாளை முதல் மாலை ஏழிலிருந்து எட்டரை வரை பிள்ளைகளுக்காகத் திறந்திருக்கும். படிப்பு ஏறாத பிள்ளைக்கு அண்ணன் சிட்னியைப் போல் பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாகப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும். காலேஜுக்குப் போகும் நமது பிள்ளைகள் வாரத்தில் ஒரு மாலை தரட்டும். முதல் நாள் நாம் வருகிறோம்.

பையனைப் பட்டறையில் சேர்க்கக் கேட்ட தோழரும் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார். அவர் பெயரைச் சொல்ல மாட்டோம். பதிலும் இங்கே கேட்க மாட்டோம். ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறோம். தோழரே, உங்கள் பையன் சாப்ளின் ஆவானா என்று நமக்குத் தெரியாது. ஆக வேண்டியதும் இல்லை. ஏழாவது படிக்கிற பிள்ளை எட்டாவது படிக்க வேண்டும். அவ்வளவுதான். நாளை மாலை ஏழு மணிக்கு அவனைக் கையைப் பிடித்து அழைத்து வாருங்கள். தேநீர் போட்டு வைத்திருப்போம்.